கொள்ளு தின்னும் 114 குதிரைகள்

குதிரைத்திறன் என்ற சொல்லை நான் முதலில் கற்றது கிணற்றடியில்தான். குண்டடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அஞ்சு ஹெச்.பி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏழரை இறக்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. நாமும் மாற்றலாம் என்று அப்பாவிடம் நச்சரித்தேன். "கிணத்துல ஊறுறது அஞ்சுக்குத்தான்டா. ஏழரையைப் போட்டா அரைமணி நேரத்துல சேத்தைக் குடிக்கும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு நான்கு வருடமாக 114 குதிரை பூட்டிய செடான் ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டாடா டிகோர் ஜே.டி.பி. பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள், பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். ஜே.டி.பி. என்பது ஜெயெம் டாடா பெர்ஃபாமன்ஸ். அந்த ஜெயெம், நம் கோயமுத்தூர் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ். பந்தய ஓட்டுநராக இருந்த ஜெ. ஆனந்தின் நிறுவனம். டாடாவோடு சேர்ந்து 2018 அக்டோபரில் இரண்டு கார்களை வெளியே விட்டார்கள்: டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. வீட்டுக்கு வீடு நிற்கிற சாதா டிகோர் 85 குதிரை. அதே கூட்டுக்குள் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினை வைத்து 114 ஆக்கினார்கள். கியர் விகிதத்தைச் சுருக்கினார்கள், சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், பானெட்டில் காற்றுத்துளை வைத்தார்கள். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 10.38 நொடி என்பது கம்பெனி சொன்ன கணக்கு. விலை ஏழரை லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு. காருக்குப் பேச்சு நிறைய இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. 2020-ல் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது கதை முடிந்துவிட்டது. நான் வாங்கியது அதற்குப் பிறகு, செகண்ட் ஹேண்டில்.

வேலம்பாளையத்தில் எனக்குப் பவர் டேபிள் யூனிட். இருபத்தெட்டு மெஷின். கட்டிங் பீஸ் எடுத்துவந்து தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். இந்தத் தொழிலில் இருப்பவன் வாங்க வேண்டியது டெம்போ, மிஞ்சினால் டீசல் வண்டி. காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியதும் என் மனைவி சுற்றிவந்து பார்த்தாள். "எத்தனை குதிரைன்னீங்க?" என்றாள். சொன்னேன். "அத்தனைக்கும் கொள்ளு ஆருங்க வாங்கறது?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெட்ரோலுக்குப் பெயர் கொள்ளுதான். "கொள்ளு போட்டாச்சுங்களா?" என்று பையன்கூடக் கேட்கிறான்.

தேவையா என்று கேட்டால் தேவையில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செங்கப்பள்ளியில் ஏறி நீலாம்பூர் வரைக்கும் ஆறுவழிச் சாலையில் நூறில் ஓட்டுங்கள். காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் ஒரு டன் செடானுக்கு ஆகும் செலவு பதினாறிலிருந்து இருபது குதிரை. எண்பதில் போனால் பத்துப் பன்னிரண்டே போதும். மீதியெல்லாம் பானெட்டுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். ஊருக்குள் இன்னும் மோசம். சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் எங்கள் ஊர் புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். முப்பது லட்ச ரூபாய்க் காரும் மூன்று சக்கர ஆட்டோவும் ஒரே வேகத்தில் நகரும். ஆட்டோ கொஞ்சம் முந்தும்.

அப்படியானால் எதற்கு இது? தையல் மெஷின் வைத்திருப்பவனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் போடும். எந்த டெய்லரும் நாள் முழுக்க அந்த வேகத்தில் தைப்பதில்லை. துணியைத் திருப்ப வேண்டும், வளைவில் நிதானிக்க வேண்டும். ஆனால் பெடலைத் தொட்டதும் மெஷின் எடுக்கவில்லையென்றால் அன்றைய பீஸ் ரேட் போச்சு. எங்கள் யூனிட்டில் பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் போட்ட அன்று ஒரு அக்கா சொன்னார்: "கால் நினைக்கிறப்பவே ஓடுதுங்ணா." நல்ல காருக்கு இதைவிடச் சிறந்த பாராட்டை நான் எங்கும் படித்ததில்லை.

கால் நினைக்கிறபோதே ஓடுகிற காரின் அருமை தாராபுரம் ரோட்டில் தெரியும். மாதம் ஒருமுறை பழனிக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அவிநாசிபாளையம் தாண்டினால், நடுவில் தடுப்பில்லாத நீளங்கள் வரும். முன்னால் தேங்காய் மட்டை லோடு போகும். லாரியின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மட்டை பிதுங்கி நிற்கும், இரண்டொன்று உதிர்ந்து ரோட்டில் உருளும். ஐம்பதிலும் போகாது, நாற்பதிலும் போகாது. பின்னாலேயே போனால் கண்ணாடியெல்லாம் நார்த்தூசி. தாண்டத்தான் வேண்டும்.

முன்பு வைத்திருந்த எண்பது சொச்சம் குதிரைக் காரில் இந்த இடத்தில் ஒரு சடங்கு நடக்கும். முதலில் ஏ.சி.யை அணைப்பேன். கியரைக் குறைப்பேன். எஞ்சின் ஓலமிடும். மனைவி பின்சீட்டுக் கைப்பிடியைப் பிடிப்பாள். அப்பா, இல்லாத பிரேக்கை மிதிப்பார். மூன்றாவது கியரில் அறுபதிலிருந்து நூறைத் தொட மனசுக்குள் பத்து எண்ணிவிடுவேன். அந்தப் பத்தும் நாம் தவறான பக்கத்தில் இருக்கிற பத்து நொடிகள். நான் நூறை நெருங்க, எதிரே பஸ் எண்பதில் வந்தால் இடையிலிருக்கும் ரோடு நொடிக்கு ஐம்பது மீட்டர் கரைந்துபோகும். ஒரு நொடிக்கு ஐம்பது மீட்டர்!

ஜே.டி.பி.யில் முதல் தடவை தாண்டியதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஏ.சி. ஓடுகிறது, ஐந்து பேர் இருக்கிறோம், டிக்கியில் இரண்டு சாக்கு வெங்காயம். மூன்றாவது கியர். மிதித்தேன். ஒரு மூச்சு இழுத்துக்கொள்வதுபோல அரை நொடி மௌனம். பிறகு முதுகைச் சீட்டோடு அழுத்துகிற அந்த இழுவை. 150 நியூட்டன் மீட்டர் டார்க் 2,000 ஆர்.பி.எம்.மிலேயே முழுதாக வந்துவிடுகிறது, அதனால் எஞ்சினைக் கதறவிட வேண்டியதே இல்லை. ஏழு எண்ணி முடிப்பதற்குள் லாரி கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது, நான் என் பக்கத்துக்கு வந்துவிட்டேன். மூன்று நொடி மிச்சம். நூறு மீட்டருக்கு மேல் ரோடு மிச்சம். எதிரே வந்த பஸ் லைட்டைக்கூட அடிக்கவில்லை. எனக்கு வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பானெட்டைத் தடவிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது. அப்பா கண்ணைத் திறந்து, "தாண்டியாச்சா?" என்றார்.

நான் குதிரை கேட்பது இந்த மூன்று நொடிக்குத்தான். வேகத்துக்கு இல்லை. இந்த நான்கு வருடத்தில் இந்தக் காரில் நூற்றிருபதைத் தாண்டியதில்லை என்றால் மச்சினன் நம்புவதில்லை, சிரிக்கிறான்.

மலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கார் என்னை மன்னிக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்று குறைந்தால் பலமும் குறையும். மேட்டுப்பாளையத்தில் எண்பது குதிரையாகக் கிளம்பியது, ஊட்டியில் அறுபத்தைந்தாகப் போய்ச் சேரும். அதுவும் ஏற்றம் அதிகமாகக் கேட்கிற நேரத்தில்! டர்போ என்ன செய்கிறது? சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சுழற்சியால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. கட்டிங் வேஸ்ட்டையும் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுக் காசாக்குகிற ஊர்க்காரன் நான். கழிவில் வேலை வாங்குகிற இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்து மகிழாமல் இருக்க முடியுமா? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரில் நுழைந்து, வளைவு நிமிர்கிற இடத்தில் மெல்ல மிதித்தால், யாரோ பின்னாலிருந்து கைகொடுத்துத் தூக்கிவிடுவதுபோல ஏறும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் எல்லோரும் அணையைப் படமெடுத்தார்கள். நான் காரைப் படமெடுத்தேன்.

போன வருடம் மச்சினன் ஹூண்டாய் வெர்னா டர்போ எடுத்தான். 1.5 லிட்டர், 160 குதிரை, 253 நியூட்டன் மீட்டர். "ஓட்டிப் பாருங்க மாமா" என்று சாவியைக் கொடுத்தான். பொய் சொல்லக் கூடாது, அபாரமான கார். பெருமாநல்லூர் தாண்டி நெடுஞ்சாலையில் ஏற்றிக் காலை வைத்ததும் வயிறு பின்னால் நின்றுவிட்டது, நான் மட்டும் முன்னால் போனேன். ஆனால் நான்கு மூச்சுக்குள் காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு மேல் அந்தக் குதிரைகளுக்கு இங்கே மேய்ச்சல் இல்லை. அதே வெர்னா 115 குதிரையில், டர்போ இல்லாமலும் வருகிறது. பின்சீட்டிலிருந்து இறங்கிய அப்பாவிடம் எப்படி என்று கேட்டான் மச்சினன். "ரேக்ளா மாட்டைக் கவலையில பூட்டுன மாதிரி இருக்குது மாப்ள" என்றார். கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்ததைப் பார்த்த தலைமுறை அது. மச்சினனுக்குப் புரியவில்லை. நல்லவேளை.

நம் நாட்டுக் குடும்பங்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். 2003-ல் ஹோண்டா சிட்டி புது உருவத்தில் வந்தபோது, 106 குதிரை வி-டெக் எஞ்சினைத் தூக்கிவிட்டு 77 குதிரை ஐ-டி.எஸ்.ஐ.யை வைத்தார்கள். கார் பித்தர்கள் துக்கம் அனுசரித்தார்கள். குடும்பஸ்தர்கள் மைலேஜைப் பார்த்தார்கள், பின்சீட்டில் கால் நீட்டிப் பார்த்தார்கள், புக் பண்ணினார்கள். 2024 நவம்பரில் புது டிசையர் வந்தது. பழையதில் 90, புதியதில் 82. யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதைத்தான் பேசினார்கள். அரசாங்கமும் குதிரையை எண்ணுவதில்லை. நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் என்றால் பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மீறினால் 40. 2025 செப்டம்பர் 22-லிருந்து இதுதான் கணக்கு. குட்டி எஞ்சினில் டர்போ போட்டு எத்தனை குதிரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், வரி ஏறாது.

குதிரை அளவுக்கு மீறிக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. இங்கிலாந்தில் வி8 எஞ்சினோடு சீறிய ரோவர் எஸ்.டி. 1 உடம்பை வாங்கிவந்து, எண்பது சொச்சம் குதிரை தருகிற பழைய இரண்டு லிட்டர் எஞ்சினைப் பூட்டி 1985-ல் சென்னையில் விட்டார்கள், ஸ்டாண்டர்டு 2000 என்று. சில வருடங்களில் காணாமல் போனது. கான்டெஸ்ஸாவும் முதலில் அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சினோடுதான் வந்தது. அத்தனை பெரிய உடம்புக்கு ஐம்பது குதிரை! இசுசு எஞ்சின் வந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

ஜே.டி.பி. கோயமுத்தூரில் பிறந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஊர் மில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒற்றையாள் பந்தயக் காரே கட்டியவர். அந்தக் காலத்தில் கடையில் வாங்கிய 800-ல் அந்த எஞ்சின் நாற்பது குதிரைகூடத் தரவில்லை. அதில்தான் ஃபார்முலா மாருதி ஓடியது, ஒரு தலைமுறையே பந்தயம் பழகியது. 1995-ல் சின்ன விமான விபத்தில் அவர் போய்விட்டார். பல்லடத்திலிருந்து செட்டிபாளையம் வழியாகக் கோவை போகிறபோதெல்லாம் அவர் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயைக் கடந்துதான் போவேன். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் கண்ணாடியை இறக்கிவிடுவேன். பஞ்சும் நூலும் பம்புசெட்டும் செய்கிற ஊர்களுக்கு, இருப்பதை வைத்து இழுவையைக் கூட்டுகிற வித்தை கைவந்ததுதான்.

மைலேஜ் கேட்பீர்கள். ஊருக்குள் கேட்காதீர்கள். அதில் குற்றம் காருடையதல்ல, என் வலதுகாலுடையது. சிட்டி, ஸ்போர்ட் என்று இரண்டு மோடு உண்டு. சிட்டியில் ஓட்டினால் கொள்ளுச் செலவு குறையும் என்று கேள்வி. நான் வைத்துப் பார்க்கவில்லை. டிக்கி 419 லிட்டர். போலோ டீ-ஷர்ட் கட்டிங் பீஸ் பண்டில் எத்தனை கொள்ளும் என்று டஜன் கணக்கில் சொல்வேன், ஆனால் என் பையர் இதைப் படித்துவிட்டால் இன்னும் நான்கு பண்டில் சேர்த்து அனுப்பிவிடுவார்.

போன மாதம் பழனியிலிருந்து திரும்பும்போது தாராபுரம் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். கொள்ளு போட்டு முடித்ததும் மனைவி டிரைவர் பக்கம் வந்து நின்றாள். "நகருங்க, நான் ஓட்டறேன்." சாதா கார்களைப் பயந்து பயந்து ஓட்டிப் பழகியவள். ஒன்றும் பேசாமல் நகர்ந்தேன். அப்பா பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

குண்டடத்துக்கு முன்னால் ஒரு மட்டை லாரி. பின்னாலேயே அரைக் கிலோமீட்டர் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. எதிரே ரோடு காலியானது. இண்டிகேட்டர் போட்டாள், மூன்றாவது கியருக்கு இறக்கினாள், மிதித்தாள். அந்த அரை நொடி மௌனம். பிறகு அந்த இழுவை. லாரி பின்னால் போனது, கார் தன் பக்கத்துக்கு வந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டை இறுக்கி வைத்திருந்தாள், ஆனால் கன்னத்தில் சிரிப்பு தெரிந்தது.

"ஏனுங்க," என்றாள், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னொரு லாரி வருமுங்களா?"