ஏமாற்றுக்காரனின் சிநேகிதன்

ஏமாற்றுக்காரன் கதை என்றால் நமக்கு ஏன் இத்தனை ருசி? கொலைகாரன் கதையைப் பயந்துகொண்டு படிக்கிறோம். திருடன் கதையைக் கதவைத் தாழிட்டுவிட்டுப் படிக்கிறோம். ஏமாற்றுக்காரன் கதையை மட்டும் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். ஏமாந்தவன் நாம் அல்ல என்ற திருப்திதான் அந்தச் சிரிப்புக்கு மூலதனம். ஆகையால் இவ்வகைக் கதையை எழுதுகிறவனுக்கும் படம் எடுக்கிறவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறோம் என்பதை அவன் தெரிந்து செய்ய வேண்டும்.

2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'சதுரங்க வேட்டை' நல்ல படம். டைரக்டர் எச். வினோத்துக்கு அதுதான் முதல் படம். காமிராக்காரராகப் பேர் வாங்கிய நட்ராஜ், காந்தி பாபு என்ற மோசடிக்காரனாக நடித்தார். இது தனி ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறு அன்று. ஆனால் தினசரிகளில் நாம் படித்த மோசடிகளையெல்லாம் ஒரே ஆளின் தலையில் ஏற்றி எழுதிய வரலாறு என்று சொல்லலாம். மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பென்று விற்பது, ஆள் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலி வியாபாரம், அரிசியை இழுக்கும் கோபுரக் கலசம். எதுவும் கற்பனை அல்ல. அரிசியில் இரும்புத் தூளைப் பூசி, பாத்திரத்துக்குள் காந்தத்தை மறைத்து, லட்ச லட்சமாகக் கறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. படம் இந்தத் தொழிலின் நுணுக்கங்களை அத்தியாயம் அத்தியாயமாக விளக்குகிறது. இளவரசு செட்டியாராக வந்து ஏமாறும் பகுதியில் கொட்டகையே குலுங்கிச் சிரித்தது நியாயந்தான்.

காந்தி பாபுவின் சூத்திரம் ஒன்றே ஒன்று. மனிதனின் ஆசையைத் தூண்டு, மற்றதை அவனே பார்த்துக்கொள்வான். படத்தைப் பார்த்து வெளியே வந்தவர்கள், "பேராசைப்பட்டால் இப்படித்தான்" என்று பேசிக்கொண்டு போனார்கள். இங்கேதான் எனக்குத் தயக்கம்.

பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே குண்டடம் என்று ஓர் ஊர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளம், பொய்த்தால் ஆடு மாடு. அதுவும் முடியாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். சனிக்கிழமை கூலி வாங்குகிறவன் பக்கத்து வீட்டில் இருக்க, வருஷம் முழுவதும் ஆகாயத்தைப் பார்க்கிறவனின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். இத்தகைய ஊர்கள் நிறைந்த கொங்குச் சீமையில்தான் ஈமு கோழி வந்தது. 1½ லட்சம் ரூபாய் கட்டினால் 6 குஞ்சுகள் தருவோம்; கொட்டகையும் தீனியும் எங்கள் பொறுப்பு; மாதம் 6,000 ரூபாய் வீடு தேடி வரும் என்றார்கள். சினிமா நடிகர்கள் விளம்பரத்தில் தோன்றிச் சிரித்தார்கள். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெருந்துறையில் எல்லாம் சரிந்தது. பறவைகளுக்குத் தீனி போட அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லித் திருப்பூரில் ஒரு நிறுவனம் பல நூறு கோடி திரட்டியது. அந்த வழக்கில் 2022-ஆம் ஆண்டு கோவை நீதிமன்றம் விதித்த தண்டனை 27 ஆண்டுச் சிறை.

இவர்களுக்குப் பணம் கொடுத்த குடியானவன் கேட்டது என்ன? ஒரு கோடி அல்ல. மாதா மாதம் ஒரு தொகை. மழையை நம்பாத ஒரு வருமானம். சர்க்கார் உத்தியோகஸ்தன் முதல் தேதியில் வாங்குகிறானே, அந்த நிம்மதி. அதற்குப் பேராசை என்று பெயர் வைத்தால், நம்மில் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள்தாம். இருதலைப் பாம்பை வாங்கி ஒரே நாளில் குபேரனாகத் துடிப்பவன் வேறு. பசு மாட்டை விற்று ஈமு வாங்கியவன் வேறு. 'சதுரங்க வேட்டை' முதல் வகையினரை மிக நன்றாகக் காட்டுகிறது. இரண்டாம் வகையினரையும் அதே தராசில் நிறுத்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அது கதைக் கலையைச் சேர்ந்தது. ஊரெல்லாம் பொய் சொல்கிறவனுக்கு, பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு மனிதன் வேண்டும். அவன் இல்லாவிட்டால் அந்தப் பாத்திரத்தின் உள்ளே நாம் நுழையவே முடியாது. 2018-இல் வந்த 'கேன் யூ எவர் ஃபர்கிவ் மீ?' என்ற அமெரிக்கப் படம் இதை அறிந்திருந்தது. அது உண்மை வரலாறு. லீ இஸ்ரேல் என்ற எழுத்தாளியின் புத்தகங்கள் விலைபோகாமல் நின்றன. வாடகை பாக்கி, பூனைக்கு வியாதி. பழைய டைப்ரைட்டர்களை வாங்கி, டாரதி பார்க்கர், நோயல் கவர்ட் போன்ற காலஞ்சென்ற எழுத்தாளர்களின் கடிதங்களைத் தானே புனைந்து விற்றாள். அவை சுமார் 400 கடிதங்கள். விற்க உதவியவன் ஜாக் ஹாக், குடிகாரன், நாடோடி. எவரோடும் ஒத்துப்போகாத அவளும், எவரோடும் ஒட்டிக்கொள்ளும் அவனும் கூட்டாளிகளாகிறார்கள். மெலிசா மெக்கார்த்தியும் ரிச்சர்ட் ஈ. கிராண்டும் மதுக்கடையில் உட்கார்ந்து தங்கள் திருட்டைச் சொல்லிச் சிரிக்கும்போது நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏமாந்தவனைப் பற்றிய ஏளனம் இல்லை. இரண்டு தனிமைகள் ஒரு மேஜையில் சந்தித்த வெப்பமே இருக்கிறது. போதாததற்கு, அவளிடம் நம்பிக்கை வைத்த ஒரு புத்தகக் கடைக்காரியின் முகத்தையும் படம் மறக்காமல் காட்டுகிறது.

காந்தி பாபுவுக்கு அப்படி ஒரு ஜாக் இல்லை. கூட்டாளிகள் உண்டு, சிநேகிதன் இல்லை. அந்த இடத்தில் பானு என்ற கள்ளங்கபடமற்ற பெண்ணை வைத்தார் வினோத். அவளுடைய அன்பில் அவன் திருந்துகிறான். நல்ல காரியம். ஆனால் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்டவனிடம் பேசும் பேச்சு வேறு. குற்றமே அறியாதவளின் மடியில் அழும் அழுகை வேறு. முன்னது மனிதனைக் காட்டும். பின்னது அவனை மன்னித்து விடும். அவன் திருந்திய பிறகு, பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் கதையை விட்டே மறைந்துவிடுகிறார்கள்.

குண்டடத்தில் வடுகநாத பைரவர் கோயில் இருக்கிறது. அதன் தலக் கதையில் ஒரு மிளகு வியாபாரி வருகிறான். வழியில் ஒரு கிழவர் கொஞ்சம் மிளகு கேட்கிறார். கொடுக்க மனமில்லாமல், மூட்டையில் இருப்பது பயறு என்கிறான். மூட்டை முழுவதும் பயறாகிவிடுகிறது. தவறை ஒப்புக்கொண்டு வேண்டிய பிறகே மிளகு திரும்பக் கிடைக்கிறது. இதுவும் சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் அதில் சிரிப்புக்கு ஆளாகிறவன் பொய் சொன்னவன். கேட்டு ஏமாந்த கிழவர் அல்ல.

'சதுரங்க வேட்டை'யை அவசியம் பாருங்கள். அதன் சுறுசுறுப்பும் தைரியமும் தமிழ்ப் படங்களில் அடிக்கடி கிடைப்பதில்லை. பார்த்து முடித்ததும் வாய்விட்டுச் சிரித்த இடங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்; அங்கே ஏமாந்தவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியையும் தாங்கிக்கொண்டு நம்மைச் சிரிக்க வைக்கும் தமிழ்ப் படத்துக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.