868-க்கு வேலி எதற்கு?

ஜப்பானின் பேஸ்பால் வீரர் சதஹாரு ஓ 1980-இல் மட்டையைக் கீழே வைத்தபோது அவர் கணக்கில் 868 ஹோம் ரன்கள் இருந்தன. ஜப்பானில் அவருக்கு அடுத்து நிற்பவர் கட்சுயா நொமுரா, 657. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் முதலிடத்தில் உள்ள பாரி பாண்ட்ஸ் அடித்தது 762. ஹாங்க் ஆரன் 755.

இந்த 868-ஐ ஒப்புக்கொள்ளாதவர்கள் அமெரிக்காவில் எப்போதும் உண்டு. ஜப்பான் மைதானங்கள் சிறியவை, பந்துவீச்சும் அந்தத் தரத்தில் இல்லை என்பார்கள். ஓ ஆடிய டோக்கியோ கொராகுயென் மைதானம் சிறியது என்பது உண்மைதான். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். ஓ ஆடிய காலத்தில் ஜப்பானில் ஒரு சீசனுக்கு 130, 140 ஆட்டங்கள்தான், அமெரிக்காவில் 162. 'அட் பேட்' கணக்கில் ஓ ஆடியது 9,250 முறை, ஆரன் 12,364 முறை. ஆரனுக்கு ஏறக்குறைய 16 வாய்ப்புக்கு ஒரு ஹோம் ரன் என்றால், ஓவுக்கு 11-க்கும் குறைவு. மைதானத்தின் அளவுக்காக எவ்வளவு கழித்துக்கொண்டாலும் இவ்வளவு பெரிய இடைவெளி மறைந்துவிடாது. ஜப்பானுக்கு வந்த அமெரிக்க அணிகளுக்கு எதிரான காட்சி ஆட்டங்களிலும் அவர் 25 ஹோம் ரன் அடித்திருக்கிறார்.

இத்தனைக்கும் தொடக்கம் படுமோசம். பள்ளியில் அவர் பந்துவீச்சாளர். 1957-இல் வசேடா ஜிட்சுக்யோ பள்ளிக்கு பள்ளிகளுக்கான வசந்தகால கோஷியென் போட்டிப் பட்டத்தை வாங்கித் தந்தவர். 1959-இல் யோமியூரி ஜயன்ட்ஸ் அவரை மட்டையாளராக மாற்றியது. முதல் சீசனில் சராசரி 0.161, ஏழே ஹோம் ரன். ஸ்ட்ரைக்அவுட் ஆகித் திரும்பும்போதெல்லாம் ரசிகர்கள் கேலி செய்தார்கள். மூன்றாவது ஆண்டிலும் 13-தான்.

1962-இல் பேட்டிங் பயிற்சியாளராக வந்த ஹிரோஷி அராகவா நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். ஓவிடம் பலம் குறையவில்லை, நேரம்தான் தவறியது. உடம்பு தாமதமாகக் கிளம்பியதால் மட்டையும் தாமதமாக வந்தது. இடக்கை மட்டையாளரான ஓ, பந்துவீச்சாளர் கையை உயர்த்தும்போதே வலது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் காத்திருக்க வேண்டும் என்றார் அராகவா. அப்போது ஆட்டம் முன்கூட்டியே தொடங்கிவிடும், பந்துக்காகப் பதற வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஜூலை 1-இல் அப்படி நின்று அன்றே ஒரு ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிவில் 38. அதிலிருந்து 1974 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் லீக்கின் ஹோம் ரன் பட்டம் அவருக்கே.

ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பது சாதாரணக் காரியமில்லை. அதற்காக அவர் ஐகிடோ தற்காப்புக் கலை கற்றார். கூரையில் தொங்கவிட்ட காகிதத்தை ஜப்பானிய வாளால் வெட்டிப் பழகினார். காற்றிலாடும் காகிதத்தை வெட்ட முரட்டுத்தனம் உதவாது. கத்தி சரியான கோணத்தில், சரியான கணத்தில் இறங்க வேண்டும். ஓவின் பலம் என்று நான் கருதுவது இந்தத் துல்லியத்தைத்தான், தோள் வலுவை அல்ல. 1964-இல் ஹிரோஷிமா அணி ஆறு ஃபீல்டர்களை மைதானத்தின் வலது பக்கமே குவித்தது. காலியான இடது பக்கம் தட்டிவிட்டால் எளிதாக ஓடியிருக்கலாம். அவர் தன் வீச்சை மாற்றவில்லை. அந்த சீசனில் 55 ஹோம் ரன் அடித்தார். அப்போது அது ஜப்பான் சாதனை.

அவருடைய புள்ளிவிவரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 868 அல்ல, 2,390. எட்டாத இடத்தில் நான்கு பந்து வீசினால் மட்டையாளர் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். அப்படி ஓ நடந்தது 2,390 முறை. ஸ்ட்ரைக்அவுட் ஆனதோ 1,319 முறைதான். பந்துவீச்சாளர்கள் அவரிடமிருந்து ஒதுங்கியே வீசினார்கள். அவரும் மோசமான பந்தைத் துரத்தவில்லை. அடிக்க வாகாக வந்த கொஞ்சம் பந்துகளை வைத்தே 868 அடித்திருக்கிறார்.

ஆனால் பிறகு நடந்ததை எண்ணினால் மனம் கசக்கிறது. ஓவின் தந்தை சீனாவிலிருந்து வந்தவர். ஓ பிறந்தது டோக்கியோவில் என்றாலும் ஜப்பான் குடியுரிமை இல்லை. கோஷியெனில் வென்ற அதே 1957-இல், தேசிய விளையாட்டு விழாவில் ஆட அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சக மாணவர்கள் ஆட, அவர் ஒதுங்கி நின்றார். 1977-இல் 756-ஆவது ஹோம் ரன்னால் ஆரனைத் தாண்டியதும் அரசு மக்கள் கௌரவ விருது என்ற ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தி முதலில் அவருக்கே தந்தது. பின்னாளில் அதே மனிதரின் 55 ஹோம் ரன் சீசன் சாதனையைக் காக்க, வெளிநாட்டு வீரர்களுக்கு அடிக்கப் பந்தே கிடைக்காமல் செய்தார்கள்.

1985-இல் ஹன்ஷின் டைகர்ஸின் ராண்டி பாஸ் 54-இல் நின்றார். கடைசி ஆட்டம் ஜயன்ட்ஸுடன், மேலாளர் ஓ. பாஸுக்குத் திரும்பத் திரும்ப எட்டாத பந்துகளே வந்தன. 2001-இல் கின்டெட்சுவின் டஃபி ரோட்ஸ் 55-ஐத் தொட்ட பிறகு, ஓ மேலாளராக இருந்த டெய்யே ஹாக்ஸ் அதையே செய்தது. அந்நிய வீரர் ஓவின் சாதனையைத் தாண்டுவதை விரும்பவில்லை என்று அணியின் பயிற்சியாளர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். லீக் ஆணையரே கண்டித்தார். அடுத்த ஆண்டு செய்பு லயன்ஸின் அலெக்ஸ் கப்ரேராவும் 55-இலேயே நிறுத்தப்பட்டார். அப்படி வீசச் சொல்லி தான் உத்தரவிடவில்லை என்றார் ஓ. நம்புகிறேன். ஆனால் அப்படி வீச வேண்டாம் என்று உத்தரவிட்டிருக்க வேண்டும். அந்நியர் என்று சொல்லி ஒதுக்கிவைத்த வலியை அறிந்த ஒருவர் அங்கே மௌனம் காத்தது அவருடைய பெரிய வாழ்க்கையில் ஒரு குறைதான். அவரை எவ்வளவு நேசித்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

2013-இல் யாகுல்ட் அணிக்கு ஆடிய குராசாவ் தீவுக்காரர் விளாடிமிர் பாலன்டீன் 55-ஐத் தாண்டி 60 வரை போனார். ஓவின் பெயருக்கு எந்தச் சேதமும் வரவில்லை. 2022-இல் அதே அணியின் இளைஞர் முனெடக முரகாமி, சீசனின் கடைசி ஆட்டத்தில், தன் கடைசி வாய்ப்பில் 56-ஆவதை அடித்தார். எதிரே நின்ற யோகோஹாமா பந்துவீச்சாளர் ஒதுங்கி வீசவில்லை. முதல் பந்தையே வேகமாக, நேராக வீசினார்.