கெரால்ட்டின் புது நடை

வெளிவந்துவிட்ட வீடியோ கேமுக்கு வரும் அப்டேட்டை யாரும் ரசிப்பதில்லை. திரையில் கோடு மெல்ல நிரம்பும். அதற்குள் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். என்னென்ன மாறியது என்ற பட்டியலைப் படிப்பவர்கள் குறைவு. படித்தால், பொறுமையான கைவேலை ஒன்று கண்ணில் படும்.

2015 மே மாதம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் வந்தது 'தி விட்சர் 3'. அதன் நாயகன் கெரால்ட் வாள் வீச்சில் சூரன். குறுகிய அறைக்குள் திரும்பச் சொன்னால் மட்டும் திணறுவான். விரலைத் தளர்த்திய பிறகும் ஓரடி கூடுதலாகப் போய்த்தான் நிற்பான். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் ஜூலையில் தந்த 1.07 அப்டேட்டில் அவனுக்கு இன்னொரு நடை வந்தது. விரல் அசைந்தால் திரும்புகிறான், விட்டால் நிற்கிறான். பழைய நடையையும் தூக்கி எறியவில்லை. பிடித்ததை மெனுவில் தேர்ந்துகொள்ளலாம். சண்டைக் காட்சிகளைவிட இந்தப் பெருந்தன்மைதான் அழகு.

சேர்த்த பொருள்களைப் போட்டுவைக்க ஒரு பெட்டியும் அதோடு வந்தது. கவசம் செய்யப் பொறுக்கிய தோலும் உலோகமும் அதன்பின் சுமைக் கணக்கில் ஏறவில்லை. மூட்டை கனத்து, ஓட முடியாமல் ஊரெல்லாம் நடந்தே அலைந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! புத்தகங்களுக்கும் பையில் தனி இடம் கிடைத்தது.