ஒன்பது நிமிஷங்கள்

தொலைந்துபோன படத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் அதைப் பார்த்துவிட்டு வந்து விமர்சகனைப் பொய்யனாக்க முடியாது. விக்டர் ஷோஸ்ட்ரோமின் 'தி டிவைன் உமன்' (1928) விஷயத்தில் இந்தச் சௌகரியம் 1993இல் குலைந்தது. மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் ஒரே ஒரு ரீல், ரஷ்ய மொழி டைட்டில்களோடு, கிடைத்தது. சுமார் ஒன்பது நிமிஷம். கிரேட்டா கார்போ கதாநாயகியாக நடித்த ஹாலிவுட் படங்களில் முழுதாகக் கிடைக்காதது இது ஒன்றுதான்.

அதுவரை மிஞ்சியிருந்தவை ஸ்டில்களும் கதைச்சுருக்கமும். ஸாரா பெர்னார்ட்டின் வாழ்க்கையைத் தூரத்து நிழலாகக் கொண்ட கிளாடிஸ் அங்கரின் நாடகம், மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் தயாரிப்பு. ஏழைப் பெண் நடிகையாகிறாள். புகழா, காதலா என்று தவிக்கிறாள். ஸ்டுடியோ தயாரித்துத் தள்ளிய இன்னொரு கண்ணீர்ச் சரக்கு என்று, பார்க்காமலே, நானும் தீர்மானித்திருந்தேன்.

பிறகு அந்த ரீலைப் பார்த்தேன். அல்ஜீரியாவுக்குப் புறப்பட வேண்டிய சிப்பாய் (லார்ஸ் ஹான்ஸன்) அவளிடம் விடைபெற வந்திருக்கிறான். நேரம் குறைவு. சம்பவம் அவ்வளவுதான். ஆனால் இவள் நமக்குப் பழக்கமான கார்போ இல்லை. பாதி மூடிய இமைகளும் எட்டாத சோகமும் கொண்ட அந்தப் பிம்பம் இன்னும் இறுகவில்லை. சிரிக்கிறாள், சீண்டுகிறாள், சிறுமியைப்போல் விளையாடுகிறாள். பிரிவைத் தள்ளிப்போடத்தான் இந்த விளையாட்டு என்பதை டைட்டில் சொல்லவில்லை. உடம்பு சொல்கிறது. கதைச்சுருக்கத்தில் இதற்கு என்ன இடம்? 'காதலன் விடைபெறுகிறான்.' இரண்டு வார்த்தை.

அதே வருஷம், அதே ஹான்ஸனோடு ஷோஸ்ட்ரோம் தந்த 'தி விண்ட்' நம்மிடம் இருக்கிறது. சுருக்கிச் சொன்னால் அதுவும் மெலோடிராமாதான். ஓயாத காற்றும், மணலும், லிலியன் கிஷ்ஷின் முகமும் சுருக்கத்தில் ஏறுவதில்லை. கதையை வைத்து ஒரு கலைஞனை எடை போடும் நம் பழக்கத்துக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இதனால் தொலைந்தது ஒரு மகத்தான படைப்பு என்று ஆகிவிடாது. கிடைக்காததையெல்லாம் மேதைமையின் கணக்கில் வரவு வைப்பது அதே தவறின் மறுபக்கம். மீதி ரீல்களில் மிகையும் அசட்டுத்தனமும் நிறைந்திருக்கலாம். என் பழைய தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். அந்த இடத்தில் புதிதாக எதையும் வைக்கவில்லை. பார்த்தது ஒன்பது நிமிஷம். என் கையெழுத்து அந்த ஒன்பது நிமிஷத்துக்குத்தான் செல்லும்.