அட்டைப்பெட்டியும் கூடமும்

சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் பயிலரங்கு. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள்: ‘வெளிப்படைத்தன்மை’, ‘ஊழியர் குரல்’, ஒன்றில் மட்டும் ‘கேன்டீன் காபி’. மனிதமைய வடிவமைப்பு கலிபோர்னியாவில் முப்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்தது என்றார் நடத்த வந்தவர். அடுத்தவர் நிலையிலிருந்து பார்க்கும் பரிவு தலைமைக்கு வந்துவிட்டால் நிறுவனம் தானாக மாறிவிடும் என்றும் சொன்னார். மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்க வந்த அம்மா, உதிர்ந்து கிடந்த தாள்களைக் காட்டி, “சார், இதெல்லாம் வேணுமா?” என்று கேட்டார். அந்த இரண்டு நாளில் காதில் விழுந்த உருப்படியான கேள்வி அதுதான். அவரைப் பயிலரங்குக்கு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

இந்தக் கலிபோர்னியத் தல புராணம் நம் மேலாண்மைக் கல்லூரிகளிலும் பாடமாகிவிட்டது. பிறந்த ஊரையும் தேதியையும் தப்பாகச் சொல்வதோடு அதன் பிழை நிற்கவில்லை. யார் பரிவு காட்டுவது, யார் முடிவெடுப்பது என்ற இரண்டையும் அது ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

உண்மையான ஆரம்பக் கதை துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், ஓடிக் கடந்துவிடலாம். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினார்கள். புதிய இயந்திர முறை, தங்களைத் தாங்களே நடத்திக்கொண்ட சிறு குழுக்களை உடைத்துப் போட்டிருந்தது. வேலையும் மனமும் சேர்ந்தே கெட்டன. பாம்ஃபோர்த் ஒருகாலத்தில் சுரங்கத் தொழிலாளி. இதை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போவது ஆய்வாளர்களின் பழக்கம். அடுத்து, 1953-இல் அதே நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் அகமதாபாத்துக்கு வந்தார். காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி ஏறவில்லை. ஒரே கொட்டகையில் 224 தறி, 29 ஆட்கள், அவர்களுக்குள் 12 விதமான வேலைப் பெயர்கள். சில தறிகளை ஒரு குழு முழுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று ரைஸ் சொன்னதும், யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடித்துவிட்டார்கள். ஆக, இந்தத் துறையின் பால பருவத்தில் பாதி இந்தியாவில் கழிந்தது. நம் பாடப்புத்தகங்களுக்கு மட்டும் அது தெரியாது.

நான் நின்று பேச விரும்புவது ஈனிட் மம்ஃபோர்டைப் பற்றி. 1924-இல் பிறந்து 2006-இல் மறைந்த ஆங்கிலேயப் பெண்மணி. கல்விப்புலத்துக்கு வருமுன் தொழிற்சாலையில் ஆள் நிர்வாகம் பார்த்தவர். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களை ஆராய வேண்டியபோது அவர் வினாத்தாளோடு போய் நிற்கவில்லை. அவர்கள் சாப்பிடும் கேன்டீனில் பரிமாறும் வேலையில் சேர்ந்துகொண்டார். சுரங்கத்தை ஆராய்ந்தபோது மாதக்கணக்கில் கீழே இறங்கி, கரி வெட்டுகிற இடத்திலேயே பேச்சுக் கொடுத்தார். இன்று இதைக் ‘களப் பரிவு’ என்று பெயர் வைத்து அரை நாளில் முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் மம்ஃபோர்டின் பெருமை கேன்டீனோடு முடியவில்லை. கணினி அலுவலகங்களுக்குள் நுழைந்த எழுபதுகளில் அவர் எதிக்ஸ் என்ற முறையை வகுத்தார். அதன் சாரம்: புதிய கணினி அமைப்பை, அதில் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறவர்களே வடிவமைக்க வேண்டும், நிபுணர் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம், அவ்வளவுதான். வேர்டு பிராசஸர் வந்தபோது தட்டச்சுச் செயலாளர்கள் குழு அமைத்து, சக ஊழியர்களிடம் விசாரித்து, எந்த இயந்திரம், எந்த வேலைப் பங்கீடு என்று தாங்களே தீர்மானித்த கதையை 1983-இல் தனி நூலாகவே எழுதினார். ‘சொல்வதை எழுது’ என்பதற்காகவே வேலைக்கு வைக்கப்பட்ட பெண்கள் அவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தச் சின்ன நூலின் துணிச்சல் பிடிபடும்.

குறை இல்லாமல் இல்லை. அவருடைய முறை மெதுவானது, நிர்வாகத்தின் சம்மதத்தை நம்பியது. இடதுசாரிகள் அதை முதலாளிக்குப் போட்ட எண்ணெய் என்றார்கள். முதலாளிகளோ அநாவசியத் தாமதம் என்றார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவரை நான் சற்றுக் கூடுதலாகவே நம்புவேன்.

இடதுசாரிகள் சும்மாவும் இருக்கவில்லை. நார்வேயில் கிறிஸ்டன் நிகோர் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, கணினியைப் பற்றித் தொழிலாளர்களே படித்துப் பேரம் பேச வழி செய்தார். சிமுலா என்ற கணினி மொழியை ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து படைத்தவரும் அவரே. பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள், வேலைநீக்கம் கதவைத் தட்டியபோது, சிறுநீரக இயந்திரம், வெப்ப பம்பு என்று தாங்கள் செய்யக்கூடிய 150 பொருள்களின் திட்டத்தை 1976-இல் வெளியிட்டார்கள். நிர்வாகம் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவரான பொறியாளர் மைக் கூலி வேலையை இழந்தார். ‘மனிதமைய அமைப்புகள்’ என்ற சொல்லை ஊன்றிப் பேசியவர் இந்தத் தொழிற்சங்கக்காரர்தான். அதே சொல்லை இன்று ஆலோசனை நிறுவனங்கள் மணிக்கணக்கில் விலைபேசி விற்கின்றன.

ஸ்காண்டிநேவியாவின் உடோபியா திட்டம் (1981–85) இன்னும் அழகு. செய்தித்தாள் அச்சுக்கோப்பவர்களுக்குக் கணினி வரப்போகிறது. ஆனால் தேவையான கருவிகள் கையில் இல்லை. திட்டத்தை நடத்திய பெலே என் (Pelle Ehn) என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு காலி அட்டைப்பெட்டியில் ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதி மேசைமேல் வைத்தார்கள். அச்சுக்கோப்பவர்கள் அதைச் சுற்றி நின்று, பக்கம் எங்கிருந்து வரும், யார் எடுப்பார்கள், திருத்தம் யார் கைக்குப் போகும் என்று நடித்துப் பார்த்தார்கள். அட்டையைத் திருத்த யாருக்கும் பயமில்லை, கத்தரிக்கோல் போதும்.

பிறகு வந்தது இருண்ட பத்தாண்டு. மைக்கேல் ஹாமர் 1990-இல், பழைய வேலைமுறைகளைக் கணினிமயமாக்காதீர்கள், அழித்துவிடுங்கள் என்று எழுதினார். ‘மறுகட்டமைப்பு’ என்ற பெயரில் அழிந்தவை முறைகள் மட்டுமில்லை, வேலைகளும்தான். அந்தச் சாம்பல் மேட்டின்மேல்தான் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் வண்ணக் குடில் எழுந்தது. அதன் தலைவர் டிம் பிரவுன் 2008-இல் எழுதிய கட்டுரையும் அடுத்த ஆண்டு வந்த நூலும் மனிதமைய வடிவமைப்பை ‘டிசைன் திங்கிங்’ என்ற பெயரில் இயக்குநர் குழுக்களின் அறைக்குள் கொண்டுபோயின. புன்னகை இருந்தது, பேரம் காணாமல் போயிருந்தது.

ஐடியோவின் ஆகச்சிறந்த உதாரணமே எனக்குச் சாட்சி. கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும்போது செவிலியர்கள் முதல் 45 நிமிடத்தைத் தங்கள் மேசையில் தகவல் கைமாற்றுவதிலேயே செலவழித்தார்கள். நோயாளிக்கோ, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தவிப்பு. அந்தக் கைமாற்றலைப் படுக்கையருகே, நோயாளியின் முன்னாலேயே செய்வது என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. பிரவுனின் கட்டுரையைத் திறந்து குழுவின் பட்டியலைப் பாருங்கள்: முன்னாள் செவிலியர் ஒருவர், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர். நான் உட்கார்ந்து பார்த்த ஸ்லைடுகளில் கதை வந்தது, படுக்கை வந்தது, 45 நிமிடமும் வந்தது. சங்கப் பிரதிநிதி மட்டும் வரவே இல்லை.

நம் ஊரிலும் ஒரு சாட்சி உண்டு, பேசுவார்தான் குறைவு. வறட்சி வாட்டிய ஆண்டுகளுக்குப் பின், 2004 வாக்கில், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் விபு நாயர் என்ற அதிகாரியும், வழக்கறிஞர் வி. சுரேஷும் பொறியாளர்களோடு ஒரு சோதனையில் இறங்கினார்கள். கிராமத்தைத் திருத்துவதற்கு முன் வாரியம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் தொடக்கம். இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் ‘கூடம்’. பழைய வீட்டின் நடுவில் எல்லோரும் வந்து உட்காரும் இடம். அங்கே பதவி கிடையாது. எவரும் எவரையும் கேட்கலாம். மறைமலை நகரில் கூடிய பொறியாளர்கள் தங்களுக்கென்று ஒரு பிரகடனமும் எழுதிக்கொண்டார்கள். இன்னும் ஆழமாக ஒரு துளை போடுவதற்கு முன், இருக்கிற குழாயும் கிணறும் ஏன் படுத்தன என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கேட்பது அவர்களின் வேலையாயிற்று.

அரசு அலுவலகம் போய் வந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். செயற்பொறியாளர் அறைக்குள் உதவிப் பொறியாளர் நுழைவதைப் பாருங்கள்: கோப்பு நெஞ்சோடு, வாயில் “ஐயா”, கால் கதவருகிலேயே. உள்ளே பெரிய நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். கூடத்தில் வட்டமாகத்தான் உட்கார வேண்டும். அந்தத் துண்டை விரிக்க அங்கே நாற்காலி இல்லை.