பென்டிரைவ் வைத்தியம்

கொல்கத்தாவில் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் வானம் திடீரெனக் கறுத்தால் கால்பைசாகி வருகிறது என்று அர்த்தம். முதலில் புழுதிக்காற்று, பின்னாலேயே மழை, கூடவே மின்வெட்டு. அப்படியொரு மாலையில் என் கணினி உபுண்டு லினக்ஸின் புதிய கர்னலை நிறுவிக்கொண்டிருந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதமாகியிருந்தது. மின்சாரம் திரும்பியபோது கறுப்புத் திரையில் 'கர்னல் பேனிக்' என்று நின்றது.

மறுநாள் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்க் கணினிச் சந்தையான சாந்தினி சௌக் போனேன். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். "ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் ஏத்திடலாம் தாதா." (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், நம் சினிமா தாதா இல்லை.) "ஃபைலெல்லாம்?" என்றேன். கையை விரித்தார்.

ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். மதர்போர்டின் ஃபர்ம்வேர் க்ரப் என்ற துவக்க நிரலை எழுப்புகிறது, க்ரப் கர்னலை எழுப்புகிறது, கர்னல் மற்றதையெல்லாம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி செத்ததுபோலக் கிடக்கும். ஆனால் வீட்டுக்குள் பண்டம் பாத்திரமெல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கும். லைவ் யூஎஸ்பியின் பெருமையே அதைக் கண்ணால் காட்டுவதுதான். வட்டை நம்பாமல் பென்டிரைவிலிருந்தே ஒரு முழு லினக்ஸ் ஓடுகிறது; வெளியே நின்று வட்டைத் திறந்து பார்க்கலாம். 2000இல் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் நாப்பிக்ஸ் சிடியை வெளியிட்டுப் பரவலாக்கிய பழக்கம் இது. உள்ளே புகுந்து வேலை செய்ய உதவும் 'சி-எச்-ரூட்' வசதியோ 1979இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே வந்துவிட்டது.

சரி, நான் என்ன செய்தேன்? எல்லாரும் செய்வதைத்தான். லைவ் யூஎஸ்பியில் துவக்கி, வட்டின் பகிர்வுகளை மவுன்ட் செய்து, சி-எச்-ரூட் போட்டு உள்ளே நுழைந்து, 'க்ரப்-இன்ஸ்டால்' அடித்தேன். பிழை எதுவும் இல்லை என்றது. மறுபடி துவக்கினால் அதே பேனிக். இன்னொரு தடவை. மூன்றாம் தடவையும் தோற்றபிறகுதான் '/பூட்' கோப்புறையை எட்டிப் பார்க்கத் தோன்றியது. புதிய கர்னல் இருந்தது. அதற்குத் துணையாக இருக்கவேண்டிய 'இனிட்ஆர்டி' கோப்பு இல்லை. மின்வெட்டு நிறுவலைப் பாதியில் அறுத்திருக்கிறது. மென்பொருள் நிறுவும் 'டிபிகேஜி'யிடம் விட்டதை முடி என்று ஒரு வரி சொன்னதும் கணினி எழுந்து உட்கார்ந்தது. க்ரப்புக்கு எந்த நோயும் இருந்ததில்லை. துவங்கும்போதே எஸ்கேப் விசையைத் தட்டி, மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்திருந்தால் பென்டிரைவே தேவைப்பட்டிருக்காது.

இந்த வைத்தியத்தின் மேல் எனக்குள்ள முதல் புகார் இதுதான். பார்ப்பதற்காக வந்த கருவியை நாம் மந்திரம் ஓதுவதற்குப் பயன்படுத்துகிறோம். 'க்ரப் ரிப்பேர்' என்ற பெயரே நோயை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் சரிசெய்யும் பூட்-ரிப்பேர் போன்ற கருவிகள் அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே பிழைத்துக்கொள்கிறோம். அடுத்த தடவையும் அதே குருட்டாம்போக்குதான்.

மந்திரத்துக்கும் வயதாகிறது. பழைய எம்பிஆர் வட்டில் துவக்க நிரலின் தொடக்கத் துண்டு முதல் 512 பைட்டுக்குள் அடங்கியிருந்தது. இன்றைய யூஇஎஃப்ஐ கணினியில் துவக்க நிரல் தனிப் பகிர்வில் கோப்பாக இருக்கிறது. பழைய முறையையும் ஏற்கும் கணினிகளில் ஒரே பென்டிரைவ் துவக்க மெனுவில் இரண்டு பெயரில் தெரியும்: முன்னால் 'யூஇஎஃப்ஐ' ஒட்டியது ஒன்று, ஒட்டாதது ஒன்று. இரண்டாவதைத் தேர்ந்தால் லைவ் லினக்ஸ் அழகாகவே ஓடும். ஆனால் க்ரப்-இன்ஸ்டால் பழைய முறையில் எழுதப் பார்க்கும், கணினி அதைச் சீண்டாது. '/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' என்ற கோப்புறை இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் அரைநாள் மிச்சம். அத்தோடு, லினக்ஸ் 'எஸ்டிஏ' என்று காட்டுவது பல சமயம் உங்கள் வட்டு அல்ல, செருகிய பென்டிரைவ்!

சில நோய்க்கு இந்த மருந்தே தப்பு. 2011இல் தொடங்கிய தமிழக இலவச மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. பழைய முறைக் கணினியில் இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகிர்வை அழித்தால் க்ரப்பின் பாதி அதோடு போய், 'க்ரப் ரெஸ்க்யூ' மட்டும் மிஞ்சும். அங்கே லினக்ஸ் பென்டிரைவை விட விண்டோஸின் மீட்பு வட்டுதான் நேர்வழி. 2024 ஆகஸ்டில் இன்னும் வேடிக்கை. மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, நம்பகமான துவக்க நிரலை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட் உள்ள இரட்டைத் துவக்கக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தடுத்தது. பழைய லைவ் பென்டிரைவ்களும் அதே தடையில் சிக்கின. வைத்தியரையே வாசலில் நிறுத்திவிட்டார்கள்! ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை அணைத்த பிறகே உள்ளே போக முடிந்தது.

அந்தத் தடையை முழுக்கத் திட்டவும் முடியாது. பூட்டாத வட்டு யாருடைய பென்டிரைவுக்கும் திறக்கும். உள்நுழைவுக் கடவுச்சொல் அங்கே செல்லாது. என் கேபினட்டைக் கடையில் விட்டிருந்தால் வங்கிக் கணக்கு விவரம் வரை யாரும் பார்த்திருக்கலாம். வட்டைக் குறியாக்கம் செய்யலாம்தான். அப்போது கடவுத்தொடரை மறந்தால் எந்த லைவ் யூஎஸ்பியும் காப்பாற்றாது.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஃபார்மேட்டுக்கு ஒரு விலை உண்டு, ஒரு நேரம் உண்டு. நோயைக் கண்டுபிடிக்கச் செலவாகும் ஒரு மணி நேரத்தை எந்த ரசீதில் எழுதுவது?

மறுவாரம் யுபிஎஸ் பேட்டரி வாங்கப் போனேன். அவர் மேசையோரம் விண்டோஸ் பென்டிரைவ்கள் கொத்தாகத் தொங்கின. பல இயங்குதளங்களை ஒரே பென்டிரைவில் வைக்க உதவும் வென்டாய் போட்டு உபுண்டுவும் டெபியனும் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு எவ்வளவு வாங்கறது, தாதா?"