திரட்டுவோரும் திறனாய்வும்: ஜப்பானிய உலோகக் கலையை முன்வைத்து

பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்பதைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று கருதி ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. நூறு பொருள்கள் முன்னே கிடக்க, அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுச் செல்பவன், தான் அறிந்தோ அறியாமலோ ஒரு தீர்ப்பை வழங்குகிறான். இது சிறந்தது, இது காக்கத்தக்கது, இது போகட்டும் என்பதே அத்தீர்ப்பு. திறனாய்வாளன் எழுத்தால் செய்வதைத் திரட்டுபவன் பொருட்செலவால் செய்கிறான். ஆதலின் ஒரு திரட்டைக் காணுங்கால், அதில் என்னென்ன உள்ளன என்று வினவுவதோடு அமையாது, எந்த அளவுகோலால் அவை தேர்ந்தெடுக்கப்பட்டன என்றும் வினவுதல் வேண்டும்.

இவ்வினாவிற்கு ஜப்பானின் பழைய உலோக அணிக்கலை தக்கதொரு சான்றாகும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அக்கலையை உலகம் போற்றிய முறையும், பின்னர் இகழ்ந்த முறையும், மீண்டும் போற்றத் தொடங்கிய முறையும் நம் அளவுகோல்களின் குறைபாட்டை நன்கு புலப்படுத்துகின்றன.

வாளும் அதன் அணிகளும்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர் வாள் என்றவுடன் 1942 முதல் 1945 வரை நம் முன்னோர் பட்ட துயரமே முதலில் நினைவுக்கு வரும். அந்நினைவு பொய்யன்று, அதனை மறக்கவும் வேண்டுவதில்லை. ஆயின், அக்காலப் படை அதிகாரிகள் தாங்கிய வாள்களிற் பெரும்பாலானவை 1930களில் படைத்துறை வகுத்த ஒரே மாதிரியான அணிகளைக் கொண்டவை. இங்கு ஆராயப்படுவன அவற்றிற்கு மிகவும் முற்பட்டவை. ஒவ்வொன்றும் தனித்தனியே கைவினைஞரால் ஆக்கப்பட்டவை.

பழைய ஜப்பானில் வாளின் அலகை வடித்தவர் வேறு. அதன் அணிகளைச் செய்தவர் வேறு. அலகிற்கும் கைப்பிடிக்கும் இடையே நின்று கையைக் காக்கும் தகட்டிற்கு ட்சுபா என்று பெயர். அதன் அகலம் ஏறத்தாழ 7 அல்லது 8 சென்டிமீட்டர். நடுவில் அலகின் அடித்தண்டு நுழையும் துளை ஒன்று உண்டு. உறையில் செருகிய சிறு கத்திக்கும், முடியைச் சீர்செய்யும் ஊசி போன்ற கருவிக்கும் இடம்விடும் பொருட்டுப் பக்கத் துளைகளும் பலவற்றில் இருக்கும். இவை போக எஞ்சிய சிறு பரப்பிலேதான் கலைஞன் மலையையும் மழையையும், பறவையையும் பாய்புனலையும் காட்டவேண்டும். ஏழே சீருக்குள் அடங்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு குறள் வெண்பாவிற்குச் செறிவைத் தந்தது போலவே, இக்கட்டுப்பாடும் இக்கலைக்குச் செறிவைத் தந்தது.

அக்கலைஞர் கையாண்ட உலோகங்களும் தனித்தன்மை வாய்ந்தவை. செம்புடன் 100க்கு 3 முதல் 5 பங்கு வரை பொன்னைக் கலந்து ஆக்கியது ஷாகுடோ. செம்புடன் வெள்ளியைக் கலந்து ஆக்கியது ஷிபுயிச்சி; அப்பெயருக்கு 'நான்கில் ஒன்று' என்பது பொருள். உருக்கி அடித்த நிலையில் ஷாகுடோ செம்பைப் போலவே தோன்றும். அதனைத் தூய்மை செய்து, துருவிய முள்ளங்கியின் சாற்றில் தோய்த்து, செம்பின் உப்புகள் கரைந்த நீரில் காய்ச்சினால் காக்கைச் சிறகின் கருநீலம் அதன்மேல் படரும். அவ்வாறே ஷிபுயிச்சி நிலவொளி போன்ற சாம்பல் நிறம் பெறும். பூசிய வண்ணம் அன்று இது. உலோகமே தன் மேற்பரப்பில் கொண்ட நிறம். அக்கருநீலப் பரப்பின்மீது மீன்முட்டைகளை நிரல்பட அடுக்கினாற்போல நுண்புள்ளிகளை உளியால் எழுப்புவர். இதற்கு நானாகோ என்று பெயர். அதன்மேல் பொன்னிலும் வெள்ளியிலும் உருவங்களைப் பதிப்பர்.

நம் இல்லங்களில் பித்தளை விளக்கைப் புளியிட்டுத் துலக்கி ஒளிபெறச் செய்வது சிறந்த பராமரிப்பு. ஜப்பானிய அணிகளுக்கு அதுவே அழிவு. அந்நிறப்படலம் மிக மெல்லியது. ஒருமுறை துலக்கினால் கலைஞன் படைத்த இரவு வானம் வெறும் செம்பாகிவிடும். பழைய இரும்புத் தகடுகளில் காலம் படிய வைத்த கரும்பழுப்பு நிறமும் அத்தகையதே. அழுக்கு எது, அழகு எது என்று அறியாத கை, அன்பினாலேயே அழித்துவிடுகிறது. திரட்டுபவன் முதலில் பெறவேண்டிய கல்வி இதுவே எனலாம்.

1876இல் நேர்ந்த திருப்பம்

1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில் பெரும்பகுதி போரற்ற காலம். வாள் போர்க்கருவி என்னும் நிலையிலிருந்து தகுதியின் அடையாளம் என்னும் நிலைக்கு மாறிற்று. வணிகரும் குறுவாள் தரிக்கலாயினர். அணிகளின் மீது நாட்டம் பெருகிற்று. 15ஆம் நூற்றாண்டு முதல் ஆட்சியாளருக்குப் பணிபுரிந்த கோட்டோ குடும்பத்தார் மரபு வழுவாத முறையில் அணிகள் செய்தனர். 1670இல் பிறந்த யோகோயா சோமின் அம்மரபினின்று விலகி, தூரிகையால் தீட்டிய கோட்டைப் போலவே உளியால் கோடு கீறும் முறையில் புகழ்பெற்றார்.

1868இல் ஆட்சி மாறிற்று. 1876ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், படையினர், காவலர் போன்றோர் தவிர ஏனையோர் பொதுவிடங்களில் வாள் தரித்தலாகாது என்று அரசு ஆணையிட்டது. தலைமுறை தலைமுறையாக இத்தொழிலையே நம்பி வாழ்ந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். கையில் இணையற்ற திறன் இருந்தது. அதற்குரிய பொருள் மறைந்துவிட்டது. வறுமையுற்ற முன்னாள் வீரர்களும் தம் வாளணிகளை விற்கலாயினர். அவற்றை வாங்கியோருள் வெளிநாட்டார் பலர். 1882இல் ஜப்பான் சென்று ஏழாண்டு தங்கிய அமெரிக்கர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ திரட்டியவை இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

கைவினைஞர் சோர்ந்துவிடவில்லை. கானோ நாட்சுவோ வாளணிகளில் பயின்ற உளியைக் கொண்டே புதிய அரசின் நாணயங்களுக்கு உருவம் செதுக்கினார். பின்னர் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும் விளங்கினார். வேறு பலர் பூச்சாடி, தூபக்கலம், சுவர்த்தகடு முதலியவற்றைச் செய்தனர். 1873இல் வியன்னாவிலும், 1876இல் பிலடெல்பியாவிலும், 1878இல் பாரிசிலும் நடைபெற்ற உலகக் கண்காட்சிகளில் ஜப்பானியப் பொருள்கள் பார்வையாளரைக் கவர்ந்தன. 1874இல் தோன்றிய கிரிட்சு கோஷோ கைஷா என்னும் நிறுவனம் இத்தகைய பொருள்களைச் செய்வித்து ஏற்றுமதி செய்தது.

மூன்று அளவுகோல்கள்

திரட்டுவோர் இக்கலையை மதிப்பிடக் கொண்ட அளவுகோல்களை மூன்றாகப் பகுக்கலாம். அவை பழமை, பெயர், நோக்கம் என்பன.

முதலாவது பழமை. பழையது சிறந்தது என்னும் கருத்து எல்லா நாட்டிலும் உண்டு. நோபுயியே, கானேயியே முதலிய முற்காலத்தார் ஆக்கிய இரும்புத் தகடுகள் எளிமையும் உரமும் வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயின், அவை சிறந்தவை என்பதற்குக் காரணம் அவற்றின் வயது அன்று; சம்மட்டியின் தடம் மறையாதிருக்க, இரும்பின் இயல்பையே அழகாக்கிய அவர்தம் கலையுணர்வே காரணம். அதே காலத்தில் கலையுணர்வற்ற தகடுகளும் ஏராளமாகச் செய்யப்பட்டன.

இரண்டாவது பெயர். கையொப்பம் உள்ளதா என்பதே பலர் முதலில் கேட்கும் கேள்வி. இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. ட்சுபாவில் கலைஞன் தன் பெயரைப் பொறிக்கும் இடம், நடுத்துளையை ஒட்டிய பகுதியாகும். வாளில் பொருத்தும்போது அப்பகுதியை மெல்லிய வளையத் தகடுகள் மூடிக்கொள்ளும். அதாவது, வாளைத் தரித்தவனும் எதிரே நின்று பார்த்தவனும் கண்டது வேலைப்பாட்டைத்தான், பெயரையன்று. கலைஞன் மறைவிடத்தில் வைத்ததைத் திரட்டுபவன் முதன்மையாக்கினான். விளைவு யாது? புகழ்பெற்றோர் பெயர்களைப் பிறர் வேலையின்மீது பொறிக்கும் வழக்கம் மலிந்தது. யோகோயா சோமின் பெயரைத் தாங்கிய போலிகள் பல. மறுபுறம், கோட்டோ குடும்பத்தின் தொடக்க காலத்தார் தம் வேலைகளிற் பெரும்பாலும் பெயரே பொறிக்கவில்லை. பின்வந்தோர் அவற்றை ஆராய்ந்து இன்னார் செய்தது என்று சான்றிதழ் எழுதினர். பெயருள்ளது பொய்யாகவும், பெயரற்றது மெய்யாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது நோக்கம். உள்நாட்டார் பயன்பாட்டிற்கெனச் செய்தது கலை. வெளிநாட்டார் பணத்திற்கெனச் செய்தது சரக்கு என்னும் பாகுபாடு இது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் 1868க்குப் பிற்பட்ட உலோக வேலைகள் இக்காரணத்தாலேயே தாழ்வாக மதிக்கப்பட்டன. இக்கருத்திற்கு வலுவூட்டியவை பல. அவற்றுள் ஒன்று யானாகி சோயெட்சுவின் கொள்கை. 1925இல் மக்கள் கலை என்னும் பொருள்படும் மிங்கெய் என்னும் சொல்லை ஆக்கிய குழுவினருள் அவர் முதன்மையானவர். 1936இல் டோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமும் நிறுவினார். பெயர் விரும்பாத எளிய கைவினைஞர் அன்றாடப் பயனுக்குச் செய்த பொருளிலேதான் மெய்யழகு உண்டு என்பது அவர் கோட்பாடு. யாரும் பொருட்படுத்தாத மட்கலங்களையும் துணிகளையும் உலகம் காணச் செய்த பெருமை அக்கோட்பாட்டிற்கு உண்டு. எனினும், ஒரு வகை அழகைக் காணக் கண் தந்த கோட்பாடு மற்றொரு வகை அழகிற்குத் திரையாகிவிடுதல் கூடாது.

வாங்குவோர் மாறினால் கலை மாறும் என்பது ஜப்பானில் 1876இல் தோன்றிய புதுமையும் அன்று. எடோ கால அமைதியில் கவசத்திற்குத் தேவை குறைந்தபோது, கவசம் செய்யும் மியோசின் மரபினர் மூட்டுகள் அசையும் இரும்பு உயிருருவங்களைச் செய்தனர். அவர்களுள் முனேயாகி 1713இல் செய்த பறவைநாக உருவம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைச் சரக்கு என்று எவரும் இகழ்வதில்லை.

சுசுகி சோகிச்சியின் பன்னிரண்டு வேட்டைப் பருந்துகள் இவ்விவாதத்திற்கு விடை கூறுகின்றன. பாரிசில் வாணிகம் செய்த ஹயாஷி தடமாசாவின் முயற்சியால் உருவாகி, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டவை இவை. வாணிகன் திட்டமிட்டது, அயல்நாட்டார் காணச் செய்தது. ஆயினும், ஒவ்வொரு பருந்தும் தனித்தன்மையுடையது. ஒன்று சிறகைக் கோதுகிறது. ஒன்று கீழே உற்று நோக்குகிறது. ஒன்று சிறகு விரிக்கிறது. இறகின் நிற வேறுபாடுகளைக் கலைஞன் உலோகத்தின் நிறங்களாலேயே காட்டியுள்ளான். வாளணிகளில் ஓர் அங்குலத்திற்குள் பயின்ற கலை இங்கே விரிந்து பறக்கிறது. ஜப்பானிய அரசு 2019இல் இதனை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இன்று கனாசாவா நகரிலுள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் இது காக்கப்படுகிறது.

இம்மறுமதிப்பீட்டிற்கு வழிவகுத்தோரும் திரட்டுவோரே. நாசர் கலீலி திரட்டியவை 1994இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2000இல் கியோட்டோவில் தோன்றிய கியோமிசு சன்னென்சாகா அருங்காட்சியகம் வெளிநாடு சென்ற பல பொருள்களை மீட்டு வந்தது. ஆயின், இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. 2014இல் டோக்கியோ மிட்சுயி நினைவு அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியின் தலைப்பே மிஞ்ச முடியாத கைத்திறனைப் பாராட்டுவதாய் அமைந்தது. திறன் வியப்பைத் தரும். வியப்பு மட்டுமே கலையின்பம் ஆகாது. இடமெல்லாம் பொன்னிட்டு நிரப்பிய சாடிகளும் அக்காலத்தில் உண்டு. அவற்றின் அருகே, வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு ஒரு மலர்க்கிளையை மட்டும் செதுக்கும் நாட்சுவோவின் அடக்கத்தை வைத்து நோக்கினால், அருமை வேறு, அழகு வேறு என்பது விளங்கும்.

காத்தலும் சிதைத்தலும்

திரட்டல் காக்கிறது, அதுவே சிதைக்கவும் செய்கிறது. நெடுவாளுக்கும் குறுவாளுக்கும் இணையாகச் செய்த அணிகள் பிரிந்து வேறுவேறு கைகளுக்குப் போயின. சிறு கத்தியின் அழகிய பிடிகள் மேலைநாட்டு உணவு மேசைகளில் பழம் நறுக்கும் கத்திகளுக்குப் பிடிகளாயின. 1945இல் போர் முடிந்தபின் பறிமுதலான வாள்களிற் பல அழிக்கப்பட்டன. பல வெற்றிப் பொருளாகக் கடல் கடந்தன. எஞ்சியவற்றைக் காக்கும் பொருட்டு 1948இல் ஜப்பானில் வாட்கலைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது.

பொருளைத் திரட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதும் நாம் கேட்கவேண்டிய கேள்வியே. ஜெனிவா நகரில் 1964இல் திறக்கப்பட்ட பௌர் அருங்காட்சியகம் ஜப்பானிய வாளணிகளுக்கும் பெயர்பெற்றது. அதனை நிறுவிய ஆல்பிரெட் பௌர் செல்வம் ஈட்டியது இலங்கையில். 1897இல் கொழும்பில் தொடங்கிய உர வாணிகத்தால். உரம் தோட்டங்களுக்குச் சென்றது. தோட்டங்களில் உழைத்தோர் யாவர் என்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இதனால் பௌரின் கலையுணர்வு குறைந்துவிடாது. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் ஒவ்வொரு பொருளின் பின்னும், அதனைச் செய்த கை ஒன்றும் அதற்கு விலை தந்த உழைப்பு ஒன்றும் உள்ளன என்பதை மறவாதிருத்தல் கடன்.

மாணவர்க்கு

பாடநூலில் இடம்பெற்றது என்பதால் ஒரு செய்யுளைச் சிறந்தது என்றும், விலைக்கு எழுதியது என்பதால் ஒரு கதையைத் தாழ்ந்தது என்றும் கூறிவிடுவது எளிது. பழமை, பெயர், நோக்கம் ஆகிய மூன்றும் பொருளைப் பற்றிய செய்திகள், அவை பொருளாகா. அவற்றை அறிதல் வேண்டும்; அறிந்தபின் ஒருபுறம் வைத்துவிட்டுப் பொருளையே நோக்குதல் வேண்டும். கருப்பொருளும் ஆக்கமுறையும் உணர்வும் ஒன்றோடொன்று இயைந்தனவா, வேண்டாதது ஏதேனும் உண்டா, வேண்டியது விடுபட்டதா என்று ஆராய்வதே திறனாய்வு. ஆசிரியர்கள் மாணவரிடம் ஒரு செய்யுளையோ கதையையோ தரும்போது, ஆசிரியர் பெயரை மூடிவைத்து முதலில் படிக்கச் செய்து பார்க்கலாம். ட்சுபா செய்த கலைஞன் தன் பெயரை மூடும் இடத்தில் வைத்தது போல, பெயர் பிறகு தெரியட்டும். வேலைப்பாடு முதலில் பேசட்டும்.